முன்னறையில் ஓர் அனுமதியற்ற உலகம்

பல்செட்காரர் அந்தப் பழைய உலகப் படத்தை வாங்கியதற்குக் காரணம் பூகோள ஆர்வம் அல்ல. சுவரில் இருந்த ஈரம்.

மனைவி இறந்து ஐந்து வருடம் கழித்து, அவளுடைய பீரோவை அக்கா மகள் புது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பீரோ நகர்ந்ததும் முன்னறையின் மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தார். இரண்டு முறையும் அது திரும்பி வந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

திரைச்சீலை, விளக்கு, சுவர்ப் படம் எல்லாம் விற்கும் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய படம் எது என்று கேட்டார். கடைப் பெண் ஒரு சுருளை விரித்துக் காட்டினாள்.

"இப்ப எல்லார் வீட்லயும் இதுதான் சார் மாட்டுறாங்க. நானூறு வருஷத்துக்கு முந்தின உலகம். அப்படியே காப்பி. மாட்டினா படிச்சவங்க வீடு மாதிரி இருக்கும்."

"என்ன அளவு?"

"அஞ்சடிக்கு மூணரை."

ஈரத்துக்குப் போதும். வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

அவருடைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் ஏழு பல் மருத்துவர்கள் அவருக்கு அச்சு அனுப்புவார்கள். டப்பாவைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டரில் யாரோ ஒருவரின் வாய் இருக்கும். சீட்டில் ஒரு எண். அவர் மெழுகில் ஈறு கட்டி, பல் வரிசை அடுக்கி, தேய்த்து மெருகேற்றி, நான்கு நாளில் செட்டைத் திருப்பி அனுப்புவார். இருபத்தெட்டு வருடமாக ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கையால் ஆனது. அவரைப் பார்த்து அதில் யாரும் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை.

படம் மாட்டிய பிறகு சாயங்காலங்கள் கொஞ்சம் மாறின. தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்காருவார். இரண்டு பெரிய வட்டங்கள். நான்கு மூலையிலும் கன்னம் உப்பிய நான்கு முகங்கள் காற்று ஊதிக்கொண்டிருந்தன. பழுப்பேறிய காகிதம், மடிப்புக் கோடு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாமே அச்சில் வந்திருந்தன. கீழே பிரம்மாண்டமான ஒரு கண்டம். அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. இருக்க வேண்டிய சில நாடுகளைக் காணவில்லை. கடலில் கப்பல்களும் விலங்குகளும் இருந்தன. ஒரு விலங்குக்கு மேல்தாடையை மட்டும், பல்லோடு, வரைந்திருந்தார்கள். கீழ்த்தாடை இல்லாமல் அது எப்படிக் கப்பலைக் கடிக்கும் என்று அவர் இரண்டு நாள் யோசித்தார். தொழிலுக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கரையாகப் பார்த்துக்கொண்டே போவார். ஒரு வளைகுடா முடிவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் அந்த மாதமும் வந்தார். மீட்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் போகும்போது நின்று, "படம் புதுசா இருக்கே" என்றார்.

அந்த வீட்டுக்குள் நின்று ஒருவர் ஒரு கருத்துச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. பல்செட்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பத்து நிமிடம் விளக்கினார். மீட்டர்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"கீழ இருக்கற இந்தக் கண்டம் இப்ப இல்லையே?"

"இல்லதான்."

மீட்டர்காரர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். யூனிட் கணக்கு என்று பல்செட்காரர் நினைத்தார். ஒன்பதாம் நாள் வரைபட ஒப்புதல் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது.

'தங்கள் இல்லத்தின் முன்னறை மேற்குச் சுவரில், நடப்பில் இல்லாத உலகம் ஒன்று மாட்டப்பட்டிருப்பதாக இவ்வலுவலகத்திற்குத் தெரிய வருகிறது. நடப்பில் உள்ள உலகத்துக்கு இதனால் நேரக்கூடிய குந்தகம் குறித்துத் தாங்கள் ஏழு தினங்களுக்குள் நேரில் விளக்கமளிக்க வேண்டும். தவறினால் உலகம் கைப்பற்றப்படும்.'

கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய பெயர் கையால் எழுதப்பட்டிருந்தது. கையால் எழுதிய கடிதம் வந்தும் நாளாகியிருந்தது.

அலுவலகம் மூன்று மாடி. படிக்கட்டு நெடுகச் சட்டம் போட்ட பழைய உலகப் படங்கள் மாட்டியிருந்தார்கள். அவர் எட்டு எண்ணினார். இரண்டு அவருடைய படமேதான். அதே கடை, அதே பூச்சி ஓட்டை. ஒன்று தலைகீழாகத் தொங்கியது.

கவுண்டரில் இருந்த அம்மாவிடம் கடிதத்தை நீட்டிவிட்டு, படிக்கட்டைக் காட்டிக் கேட்டார்.

"அது அலங்காரம் சார்."

"என்னுதும் அலங்காரந்தாம்மா."

"ஆபீஸ் சுவத்துல இருந்தா அலங்காரம். வீட்டுச் சுவத்துல இருந்தா தகவல். யாராவது பார்த்துட்டு நம்பிட்டா என்ன பண்றது?"

"இங்க பார்த்து நம்பிட்டா?"

"இங்க வர்றவங்க எதையும் நம்பற நிலைமையில இருக்கமாட்டாங்க சார்."

பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். உலகம் எந்தத் தேதி நிலவரப்படி என்பது முதல் கேள்வி. 'பழையது' என்று எழுதப் போனார்.

"அப்படி எழுதாதீங்க. பழசுன்னா தொல்பொருளாயிடும். அது வேற ஆபீஸ். அங்க போனீங்கன்னா திரும்பி வரமாட்டீங்க."

கோடு போட்டுவிட்டார். கடல் விலங்குகள் எத்தனை? பதினொன்று. அவற்றுள் உயிருடன் இருப்பவை? தெரியாது. காற்று ஊதுவோர் நால்வரின் முகவரி? அதற்கும் ஒரு கோடு. பதினேழாவது கேள்வியில் பேனா நின்றது. 'இல்லத்துக்கு வருவோர் எண்ணிக்கை, மாதம் ஒன்றுக்கு.'

கொஞ்ச நேரம் யோசித்துப் பூஜ்யம் போட்டார்.

கவுண்டர் அம்மா படிவத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சொந்தக்காரங்க?"

"அக்கா இருக்காங்க. வெளியூரு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாங்க."

"பக்கத்து வீட்டுக்காரங்க?"

"பேசுவாங்க. படிக்கட்டுல."

"உள்ள வரமாட்டாங்களா?"

"இல்லம்மா."

"வேலைக்கு யாராவது?"

"நானேதான் பார்த்துக்கறேன்."

"மீட்டர் ரீடிங் பார்க்கறவர் கணக்கில்ல, அவர் நம்ம ஆளு." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு ரொம்ப நல்லது சார். படத்தைப் பார்க்க வேற யாரும் இல்லன்னா அது தனிப்பட்ட பிழை. வெச்சுக்கலாம். ரெண்டாவது ஆள் பார்த்தாத்தான் அது பொதுக்காட்சி. நேத்து ஒருத்தர் வந்தாரு, பாவம், வீட்ல பதினோரு பேரு. படம் போயிடுச்சு. நீங்க குடுத்து வெச்சவங்க."

தன்னை யாராவது அப்படிச் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"'வருகையாளர் இல்லா இல்லம்'னு ஒரு சான்றிதழ் வாங்கணும். நீங்களா சொன்னா ஆகாது. நாளைக்கே யாராவது வந்துட்டா? பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை எங்க ஆய்வாளர் உங்க வீட்டுக்கு வருவாரு. யாரும் வரலைன்னு நேர்ல பார்த்து எழுதுவாரு."

முதல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அந்த மணியின் சத்தம் எப்படி இருக்கும் என்பதே பல்செட்காரருக்கு மறந்திருந்தது. அடுப்பில்தான் ஏதோ என்று அங்கே ஓடிவிட்டுப் பிறகு கதவைத் திறந்தார்.

ஆய்வாளர் உயரமானவர். கொஞ்சம் கூன். தோளில் பழுப்பு நிறப் பை. வாசலில் நின்றபடி, "யாரும் வரலையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"உள்ள வரலாமா?"

வந்தார். படத்தின் நீள அகலம் அளந்தார். சமையலறையில் கோப்பைகளை எண்ணினார்: ஒன்று. முன்னறையில் நாற்காலிகள்: இரண்டு. இரண்டாவது நாற்காலியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். நல்ல தூசி. அவருக்குத் திருப்தி.

"இத தொடச்சுடாதீங்க. உங்களுக்கு முக்கியமான ஆதாரமே இதுதான்."

"உக்காருங்களேன்."

"உக்காந்தா ஆதாரம் போயிடும்."

நின்றுகொண்டே எழுதினார். 'வாரம் 1. வருகையாளர்: இல்லை. தூசி: உள்ளது.' கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மொத்தம் பதினைந்து நிமிடம்.

அடுத்த இரண்டு வாரமும் அப்படியே நடந்தது. நான்காவது வாரம் மழை. ஆய்வாளர் பேருந்து நிறுத்தத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து, மூட்டு வலியால் முகத்தைச் சுளித்தபடி நின்றார். பல்செட்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது என்னோடது. இதுல தூசி இல்ல. உக்காருங்க."

"நீங்க?"

"நான் நிக்கறேன்."

ஒருவர் உட்கார, ஒருவர் நிற்க, பாதி பாதி நேரமாகப் பங்கு போட்டுக்கொண்டு அன்று முக்கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஐந்தாவது வாரம் ஆய்வாளர் உள்ளே வந்ததும் இரண்டாவது நாற்காலியை ஒரு நிமிடம் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதை ஒழுங்காகத் துடைத்தார். உட்கார்ந்தார். மடியில் படிவத்தை வைத்து, 'தூசி: உள்ளது' என்று எழுதினார்.

அந்த வாரக் கடைசியில் பல்செட்காரர் கடைக்குப் போய் இன்னொரு கோப்பை வாங்கினார். வாங்கி வந்த பிறகுதான் பயம் வந்தது. ஆனால் வியாழக்கிழமை டீயை அதில்தான் கொடுத்தார். ஆய்வாளர் கோப்பையைக் கையில் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, 'கோப்பை: 1' என்று எழுதிக்கொண்டார்.

ஏழாவது வாரம் நிபுணர் குழு வந்தது. கரையோர நிபுணர் ஒருவர், கடல் விலங்கு அலுவலர் ஒருவர். ஆய்வாளர் அவர்களுக்குப் பின்னால், தெரியாத வீட்டுக்கு வந்தவர் போல ஓரமாக நின்றார்.

கடல் விலங்கு அலுவலர் மேல்தாடை விலங்கின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது கடிக்குமா?"

"கீழ்த்தாடை இல்லைங்க. கடிக்காது. அதிகபட்சம் கொத்தும்."

"நீங்க இந்தத் துறையா?"

"பல்செட் செய்யறேன்."

'நிபுணர் கருத்து பெறப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

கரையோர நிபுணர் படத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஆணியிலிருந்து படத்தை இறக்கினார்கள். பின்பக்கத்தில் எதுவும் இல்லை. ஆனால் அவர் பார்வை சுவரில் நின்றுவிட்டது.

"இது எந்த நாடு?"

"அது ஈரம் சார்."

"எல்லை நிலையானதா?"

"மழைக்காலத்துல கொஞ்சம் கூடும்."

"விரிவாக்கம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எவ்வளவு நாளா இதை மறைச்சு வெச்சிருக்கீங்க?"

அதற்குத் தனிக் கோப்பு திறந்தார்கள். ஈரத்தின் நடுவில் 'ஆய்வில் உள்ளது' என்று முத்திரை குத்தினார்கள். மை பிடிக்கவில்லை, மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. பிறகு ஒரு சந்தேகம் கிளம்பியது: இப்போது குழுவே இந்த வீட்டுக்கு வந்திருக்கிறதே, சான்றிதழ் என்ன ஆகும்? நாற்பது நிமிடம் விவாதித்தார்கள். கடைசியில் கரையோர நிபுணர் தீர்ப்பு சொன்னார்.

"நாம வந்ததா கணக்கு இல்ல."

மூவரும் அதில் கையெழுத்திட்டு, தாங்கள் வரவில்லை என்று உறுதி செய்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை பல்செட்காரருக்கு உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, "யாரும் வரலைங்க" என்று தானாகவே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஆய்வாளர் எழுதிவிட்டுக் கிளம்பினார். சனிக்கிழமை மதியம் மணி அடித்தது. சனிக்கிழமை அலுவலகம் கிடையாது. ஆய்வாளர் நின்றார். தோளில் பை இல்லை. கையில் ரொட்டியும் மாத்திரைப் பட்டையும் இருந்தன.

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார்.

பேருந்து அந்தத் தெருவோடு முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. பல்செட்காரர் கதவை அகலத் திறந்தார்.

பாலைக் காய்ச்சி ரொட்டியை நனைத்துக் கொடுத்துவிட்டு, ஆய்வாளர் படத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"என் ரூம்ல சுவத்துல ஒண்ணும் கிடையாது. மாட்டினா நானே என்மேல எழுதணும்."

"குடும்பம்?"

"மாமனார் ஊர்ல. பொண்ணு அங்க படிக்குது. என்னை வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்துவாங்க, கூட எங்க கூட்டிட்டுப் போறது. மூணு மாசத்துக்கு ஒருக்கா போவேன். போனா பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு உள்ள போயிடும், வந்தவங்களுக்குக் குடுக்கற மாதிரி." மாத்திரைப் பட்டையை மடித்து வைத்தார். "பத்தொன்பது வருஷம் சார். அடுத்தவங்க வீட்டுக்குள்ள நான் போகாத நாள் இல்ல."

பல்செட்காரர் படுத்தபடியே பூதக்கண்ணாடியை நீட்டினார். "இடது வட்டத்துல, மேல, ஒரு துறைமுகம் இருக்கு பாருங்க. ஒரு ஆள் கயிறு இழுக்கறான்."

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் மேல."

"ஆமா. இழுக்கறான்."

வெயில் சாயும் வரை இருந்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவருக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது.

பன்னிரண்டாவது வியாழக்கிழமை ஆய்வாளர் கடைசி வரியை எழுதினார். 'வருகையாளர்: இல்லை' என்று பன்னிரண்டு வரி, ஒரே கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது.

"திங்கக்கிழமை இயக்குநர் முன்னால விசாரணை. விசாரணைன்னா ஒண்ணுமில்ல. 'யாரும் வரலையே'ன்னு கேப்பாரு. 'இல்ல'ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டா சான்றிதழ். படம் உங்களுக்கே."

"அப்புறம் நீங்க?"

ஆய்வாளர் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"ஃபைல் மூடிட்டா நான் வரக்கூடாது சார். யார் வந்தாலும் சான்றிதழ் ரத்து. அதுல கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? இல்லன்னு சொல்லிட்டு வா. உண்மையத்தானே கேக்கறாங்க. உன் வீட்டுக்கு யார் வர்றாங்க?"

"ஒருத்தர் வர்றாருக்கா."

"யாரு?"

"யாரும் வரலைன்னு எழுதறதுக்கு வருவாரு."

"நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா?" என்று கேட்டாள் அக்கா.

இயக்குநரின் அறை பெரியது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பழைய உலகம். ஆய்வாளர் கோப்போடு ஓரத்தில் நின்றார். கவுண்டர் அம்மா குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்த ஒரே நாற்காலியில் பல்செட்காரரை உட்காரச் சொன்னார்கள்.

இயக்குநர் பேசத் தொடங்கியதும் பல்செட்காரருக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பற்கள் அவர் செய்தவை. மேல்வரிசையில் இடது கோரைப் பல்லை அவர் எப்போதும் ஒரு நூலளவு உள்ளே தள்ளி வைப்பார், இயற்கையாகத் தெரியும். பின்பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டது போலிருந்தது. 'ச' வரும்போதெல்லாம் மெல்லிய விசில் கேட்டது.

"பொதுமக்கள் எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க" என்றார் இயக்குநர். "நாங்க யாருக்கும் எதிரி இல்ல. உலகம் ஒண்ணுதான்; அது ஃபைல்ல இருக்கற மாதிரி இருக்கணும். அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு உலகத்தை மாட்டிட்டு உக்காந்தா நிர்வாகம் பண்ண முடியாது. போன வருஷம் நாங்க நானூத்திப் பன்னிரண்டு வீட்ல படத்தை எடுத்தோம். ஒரு வீட்லகூட உலகம் அதுக்கப்புறம் தப்பா இருக்கறதா புகார் வரல. ஆனா சட்டத்துக்கு இதயம் உண்டு. யாருமே இல்லாத ஆளுங்களுக்கு ஒரு சலுகை வெச்சிருக்கோம். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல. சொல்லப்போனா, குடிமக்கள்னா உங்களை மாதிரிதான் இருக்கணும். யாரும் வரக்கூடாது, யாரும் போகக்கூடாது. சரி. சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி. கடந்த பன்னிரண்டு வாரத்துல உங்க வீட்டுக்கு யாரும் வரலையே?"

கவுண்டர் அம்மா 'இல்லை' என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள்.

பல்செட்காரர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டு, தெரிந்தும் தெரியாமலும் தலையை அசைத்தார். சொல்லிடுங்க என்பது போல. பல்செட்காரருக்குப் படம் நினைவுக்கு வந்தது. அதில் பாதிக் கரைதான் பார்த்து முடித்திருந்தார்.

"ஒருத்தர் வந்தாருங்க" என்றார்.

"யாரு?"

"இவரு."

இயக்குநர் சிரித்தார். பல் நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. "அவர் ஆய்வாளர். அதிகாரி வந்தா அது வருகை இல்ல, நடவடிக்கை. அதிகாரி ஆள் கணக்குல வரமாட்டார். நானே வந்தாலும் யாரும் வராத மாதிரிதான். எங்க வீட்லயே அப்படித்தான். இல்லன்னு போட்டுடும்மா."

"டீ குடிச்சாரு. உக்காந்து பேசினாரு. எனக்கு உடம்பு முடியாதப்ப பால் காய்ச்சினாரு. யாரும் வரலைன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"பெரியவரே, படம் போயிடும்."

"தெரியும்."

"அவர் எழுதியிருக்காரே, பன்னிரண்டு தடவை. வரலைன்னு."

அப்போது ஆய்வாளர் கையிலிருந்த கோப்புக்கட்டை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, மூணு சனிக்கிழமை போயிருக்கேன். லீவு நாள்ல. பையில்லாம. நாற்காலித் தூசியத் தொடச்சதும் நான்தான்."

இயக்குநர் தன் அறையில் ஒருவர் உண்மையைச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. படத்துக்கு மட்டும் விதி இருந்தது.

மறுநாள் இரண்டு பேர் வந்து படத்தை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். 'உலகம், ஒன்று, சுருட்டிய நிலையில்' என்று ரசீது கொடுத்தார்கள். அலுவலகத்தில் அதை வைக்க இடமில்லை. அதனால் இரண்டாவது மாடி நடைவழியில் மாட்டினார்கள். மாட்டிய அந்த நிமிடமே அது அலங்காரம் ஆகிவிட்டது. ஆய்வாளருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. களப்பணிக்குத் தகுதியற்றவர் என்று தீர்மானித்து, கீழ்த்தளப் பதிவறைக்கு மாற்றினார்கள். இனி அவர் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பல்செட்காரர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றுக்கு மறுபடி தொடங்கினார். சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. ஞாயிறு அக்கா போன் செய்தாள், சாப்பிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரமும் அப்படியே போனது. தன்னால் அந்த மனிதரின் களப்பணி போயிற்று, கோபமாக இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விலாசம் கேட்டு வைத்திருக்கலாம். தான் ஒருமுறைகூட, "உங்க ரூம் எங்க?" என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேள்வி கேட்பது அவர் வேலை என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி அடித்தது.

ஆய்வாளர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். வாசலில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக எந்த வாசலிலும் அவர் கேள்வியோடுதான் நின்றிருக்கிறார்.

"கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் பல்செட்காரர்.

"நீங்கதான் கோவமா இருப்பீங்கன்னு நான் வரல. படம் போச்சே."

"உள்ள வாங்க."

உட்கார்ந்தார்கள். பதிவறை எப்படி என்று ஒருவர் கேட்டார். இருட்டாக இருக்கிறது, பரவாயில்லை என்றார் மற்றவர். வேலை நிறைய வருகிறதா என்று அவர் கேட்டார். வருகிறது என்றார் இவர். டீ ஆயிற்று. அதற்குமேல் பேச எதுவும் கிடைக்கவில்லை. படிவம் இல்லை, எழுதுவதற்கு வரி இல்லை, பார்ப்பதற்குப் படமும் இல்லை. இரண்டு பேரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டில் காத்திருப்பவர்கள் போல வெகுநேரம் இருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆய்வாளர் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றார் பல்செட்காரர்.

"அப்புறம், நீங்கதான் சொல்லணும்" என்றார் ஆய்வாளர்.

பல்செட்காரர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.